அதுக்கு மேல தெரியாது

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து யாரும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது சோதனைக்கூடத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரே மேஜை. எண்பதுகளின் கடைசி. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவாள். அமிலம் பட்டு ஓட்டை விழுந்த துப்பட்டாவைத் தூக்கிப்போட மனசு வராமல் வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு வருவாள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவள் பேசுகிற விதம். யார் எதைக் கேட்டாலும் தெரிந்ததைச் சொல்வாள். சொல்லிவிட்டு, "அதுக்கு மேல தெரியாது" என்று ஒரு வாலைச் சேர்ப்பாள். வகுப்பில் அவளுக்கு 'அதுக்குமேல' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் சேலையூரில் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். கையில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் வந்தார். பஸ் வந்து நின்றது. "ஏம்மா, இது மேடவாக்கம் போவுமா?" என்று அவளிடம் கேட்டார்.

"போர்டுல மேடவாக்கம்னு போட்டிருக்கு தாத்தா. அதுக்கு மேல தெரியாது."

அவர் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். கண்டக்டர் விசில் கொடுக்கிறார், இவர் பஸ்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான்தான், "போகும் தாத்தா, நீங்க ஏறுங்க" என்று முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டேன். பஸ் போன பிறகு அவளிடம், "ஏண்டி, போகும்னு சொன்னா உன் வாய்ல இருக்கற முத்து உதிர்ந்திடுமா?" என்றேன். "வழியில ரிப்பேர் ஆச்சுன்னா?" என்றாள். சீரியஸாகத்தான் கேட்டாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதை எங்கள் வகுப்பில் ரொம்பப் பிரபலம். மாப்பிள்ளையின் அம்மா, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "சாம்பார் வைப்பேன், கூட்டு பண்ணுவேன். அதுக்கு மேல தெரியாது" என்றிருக்கிறாள். சரி, இதுவரை பரவாயில்லை. "எங்க பையனைப் பிடிச்சிருக்கா?" என்று அடுத்த கேள்வி. "இப்பதான் பாக்கறேன். பார்வைக்கு நல்லா இருக்கார்." அப்புறம் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் வேறு எழுத வேண்டுமா? பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். அவளே இதை எங்களிடம் சொன்னாள். எதற்கு அவர்கள் போனார்கள் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஆனால் சோதனைக்கூடத்தில் அவள் ராணி. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் அவளைத் துருவித் துருவிக் கேட்டார். ஓர் இடத்தில் அவள், "இதுவரைக்கும்தான் சார் தெரியும்" என்று நின்றாள். நாங்களெல்லாம் எதையாவது உளறி ஒப்பேற்றியிருப்போம். அவர் எங்கள் துறைத் தலைவர் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணுதான் விஞ்ஞானி" என்றார். தெரியாது என்று சொன்னதற்கு அவளுக்கு மார்க் கிடைத்தது. இது எங்களுக்கு அநியாயமாகப் பட்டது.

என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வகுப்பிலிருந்து முதலில் ஓடி வந்தவளும் அவள்தான். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டே, "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றேன். அந்த நேரத்தில் எந்த மனுஷியும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாதுடி" என்றாள். கையை உதறிவிட்டேன். அப்படியும் அவள் எழுந்து போகவில்லை. அப்பாவை வார்டுக்கு மாற்றும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். அம்மாவுக்கு இட்லி வாங்கி வந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். அப்பா பிழைத்துக்கொண்டார். அவள் சொன்னது பொய்யில்லை, உட்கார்ந்திருந்ததும் பொய்யில்லை. ஆனாலும் அந்த 'தெரியாதுடி'யை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பம்மல் விஷயத்தை ஆரம்பித்து வைத்தது நான். கல்லூரி அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும், எளிதாக முடிய வேண்டும், இவ்வளவுதான் என் எண்ணம். பம்மலில் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கின்றன, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாலு பாட்டிலில் பிடித்து வந்து சோதித்து, அட்டையில் வரைந்து ஒட்டினால் பரிசு நிச்சயம் என்று கணக்குப் போட்டேன். அவளையும் இழுத்துக்கொண்டு பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்துப் போனேன்.

அந்தத் தெருவில் எங்களுக்குக் கதவைத் திறந்தவள் லூர்து அக்கா. வீட்டு வேலைக்குப் போகிறவள். கணவர் லாரியில் கிளீனர், வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். வாசலிலேயே கிணறு. எட்டிப் பார்த்தால் மஞ்சளாக ஒரு நிறம், அழுகல் நாற்றம்.

"இன்னாம்மா, பாட்டில்ல புட்சிகினு போயி இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். "துணி தோச்சா துணி பூடுது. குளிச்சா சின்னதுக்கு ஒடம்பெல்லாம் செரங்கு. பெரிய பொண்ணு அந்தாண்ட தெருவுக்குப் போயி லைன்ல நின்னு நல்ல தண்ணி கொண்டாறா. பள்ளிக்கூடத்துல டெய்லி லேட்டுன்னு வெளிய நிக்க வெக்கிறாங்கோ."

பேசிக்கொண்டே உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அடுப்பங்கரையில் இரண்டு குடங்கள் இருந்தன. தட்டுப் போட்டு மூடிய பச்சைக் குடத்தில் மகள் வரிசையில் நின்று கொண்டுவந்த நல்ல தண்ணீர். மூடாத சிவப்புக் குடத்தில் கிணற்றுத் தண்ணீர், பாத்திரம் கழுவ. எங்களுக்குப் பச்சைக் குடத்திலிருந்துதான் மொண்டு கொடுத்தாள். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வந்தவர்களுக்கு நல்ல தண்ணீர். தாங்கள் குடிக்க இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம்.

சோதித்தோம். உப்பு சொல்லவே வேண்டாம். தோல் பதனிட உபயோகிக்கிற குரோமியம் இருக்கிறதா என்று காட்டும் மருந்தை ஊற்றியதும் தண்ணீர் ஊதா நிறமாக மாறியது. நான் சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்காட்சிக்கு நல்ல கலர் கிடைத்துவிட்டதே என்று. அவள் சோதனைக் குழாயைத் தாங்கியில் நிறுத்தினாள். பிறகு, "இதைக் காலேஜ்ல மாட்டி யாருக்குக் காட்டப் போற?" என்றாள்.

"வர்றவங்களுக்கு."

"வர்றவங்க பாத்துட்டு சமோசா சாப்பிடப் போயிடுவாங்க. அந்தத் தெருவுல இருக்கறவங்களுக்குத் தண்ணி கெட்டதுன்னு ஏற்கெனவே தெரியும். குழாய் எங்க போடணும்னு முடிவு பண்றவங்க யாரு? அவங்களுக்குல்ல தெரியணும்?"

எனக்கு அப்படியொரு யோசனை வந்ததே இல்லை. மாணவர்கள் கண்காட்சி வைப்போம், பேச்சுப்போட்டியில் பேசுவோம், அதோடு சரி. முடிவு எடுக்கிறவர்கள் உட்காரும் மேஜைவரை போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவளே அலைந்தாள். எந்த ஆபீஸ், எந்த செக்‌ஷன், யாரிடம் கேட்பது என்று பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து கண்டுபிடித்தாள். புதுக் குடிநீர்த் திட்டம் ஒன்று வரப்போகிறது, தோல் ஆலைக் கழிவால் கெட்ட கிணறுகள் உள்ள தெருக்களுக்குத்தான் முதலில் குழாய், எந்தெந்தத் தெரு என்று முடிவு செய்ய ஒரு கூட்டம், அதில் பொதுமக்களும் பேசலாம். இத்தனையும் அவள் கொண்டுவந்த செய்தி. எங்கள் துறைத் தலைவர், "லேபை வேணா யூஸ் பண்ணிக்குங்க. காலேஜ் பேரை இழுக்காதீங்க. அரசியல் வேண்டாம்" என்றார். "அளந்ததைச் சொல்றது அரசியலா சார்?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அதன் பிறகு மறுபடி மறுபடி பம்மல். ஆங்கிலத்தில் இருந்த முடிவுகளையெல்லாம் அவள் தமிழில் சொல்லத் தயார் செய்தாள். லூர்து அக்கா வீட்டு வாசலில் தெருப் பெண்களை உட்கார வைத்து விளக்கினாள். அவர்களும் கேட்டார்கள், கேள்வி கேட்டார்கள், கிண்டல் பண்ணினார்கள். அப்படிப் போன ஒருநாள்தான் தெருமுனையில் இருந்த பட்டறை அவள் கண்ணில் பட்டது. சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் பூசுகிற சின்னப் பட்டறை.

"இங்கயும் குரோமியம்தான்" என்றாள். முகம் மாறிவிட்டது.

"அந்தத் துக்கடா பட்டறையா கிணத்தையெல்லாம் கெடுத்துச்சு? ஆலைங்க எவ்ளோ பெருசு!" என்றேன்.

"பெருசுதான். ஆலையாத்தான் இருக்கும்னு நினைக்கறேன். ஆனா நம்ம டெஸ்ட் அதைச் சொல்லல."

லூர்து அக்காவிடமும் சொன்னாள். அக்கா சிரித்துவிட்டாள். "தே, அத யாரு கேக்கப் போறாங்கோ? நீ தண்ணி கெட்டுப் போச்சுன்னு சொல்லு, தோலு கம்பெனின்னு சொல்லு, வந்து குந்திக்கோ. பைப்பு தானா வரும்."

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் அதிகாரிகள், ஒரு பக்கம் ஆலைக்காரர்கள் சார்பில் வெள்ளைச் சட்டையில் சிலர், மீதி இடமெல்லாம் ஜனங்கள். லூர்து அக்கா அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டி, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் முறை வந்தது. அவள் எழுந்தாள். கிணற்றில் என்ன இருக்கிறது, அது உடம்புக்கு என்ன செய்யும், எல்லாவற்றையும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். மேடையில் இருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "இந்தக் குரோமியம் தோல் பதனிடறதுல உபயோகப்படுத்தறதுதானேம்மா?"

"ஆமா சார்."

"சரிம்மா, ரொம்ப நல்லாச் சொன்னீங்க. உக்காருங்க."

உட்கார்ந்திருக்கலாம். கடவுளே, உட்கார்ந்திருக்கலாம். நான் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"சார், இன்னொண்ணு. தெருமுனைல முலாம் பூசற பட்டறை ஒண்ணு இருக்கு. அங்கயும் குரோமியம் உண்டு. ஆலையாத்தான் இருக்கும்னு நாங்க நினைக்கறோம். ஆனா கிணத்துல இருக்கறது ரெண்டுல எதுலேர்ந்து வந்துதுன்னு எங்க சோதனை சொல்லாது. அதுக்கு மேல தெரியாது சார்."

யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. ஒருத்தருக்கும் அந்தப் பட்டறை ஞாபகமே இல்லை. ஆய்வுக் கட்டுரையாக இருந்திருந்தால் கடைசிப் பத்தியில் எழுத வேண்டியது. அதை அவள் அந்த மண்டபத்தில், அத்தனை பேர் நடுவில், நின்றுகொண்டு சொன்னாள். எங்களுக்குப் பாடம் நடத்திய எல்லாரும் அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவர் எழுந்தார். "இந்தப் பொண்ணு மாதிரி நேர்மையான பிள்ளைங்கதான் நாட்டுக்கு வேணும்" என்றார். கை தட்டினார். அவர் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். "இவ்ளோ படிச்ச பிள்ளைங்களே நிச்சயமா சொல்ல முடியலைன்னு சொல்றாங்க. அப்ப எங்க மேல எப்படிப் பழி போடறது?" அதிகாரி பேனாவைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். லூர்து அக்கா என்ன நடந்தது என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தத் தெரு திட்டத்தில் வரவில்லை. காரணம் உறுதியாகவில்லை, மேற்கொண்டு ஆய்வு தேவை என்று போட்டுவிட்டார்கள். பக்கத்துத் தெரு வந்தது. அங்கே யாரும் ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட அளக்கவில்லை. கூட்டத்தில் நின்று கத்தினார்கள், அவ்வளவுதான்.

மேற்கொண்டு ஆய்வு தேவை என்றார்களே, அதை வேறு யாரும் செய்யவில்லை, அவள்தான் செய்தாள். மழைக்கு முன்னால், மழைக்குப் பின்னால், வெயிலில் என்று போய்ப் போய்த் தண்ணீர் எடுத்தாள். பட்டறைப் பக்கம் தனியாக, ஆலைப் பக்கம் தனியாக. எல்லாம் முடித்து ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வைத்தது வைத்ததுதான். அந்தத் தெருவுக்குக் குழாய் வந்தபோது லூர்து அக்காவின் பெரிய பெண் பள்ளிக்கூடத்தை விட்டே நின்று, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள்.

தொண்ணூறுகளில் நான் பாடம் எடுக்க வந்த பிறகு, வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை என்னிடம் வந்து நிற்கும். "மேம், அரசாங்கம் அறிவியல் விஷயத்துல முடிவு எடுக்கறப்ப, எங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ் எப்படி உள்ள போறது?" நான் வழிகளைச் சொல்வேன். யார் முடிவு எடுக்கிறார்கள் என்று கண்டுபிடி, கூட்டங்களுக்குப் போ, ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் எழுது, கருத்துக் கேட்டால் கொடு. எல்லாம் அவளிடம் கற்றதுதான். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு, "அங்க போய் என்ன பேசணும் மேம்?" என்று கேட்கும். தெரிந்ததைப் பேசு என்பேன். தெரியாததை என்ன செய்வது என்று அது கேட்பதற்குள் மணி அடித்துவிட்டால் தேவலை என்றிருக்கும்.

அவள் வடக்கே ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்வி. அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. தெரு விட்டுப்போனது தெரிந்த மறுநாளே பம்மலுக்குப் போக வேண்டும் என்றாள். "வேண்டாம்டி, விளக்குமாத்தால அடிப்பாங்க" என்றேன். "அடிக்கட்டும், சொல்லிட்டு வரணும்" என்றாள். தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன்.

லூர்து அக்கா திட்டவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. நாங்களாகப் போய் அடுப்பங்கரை வாசலில் நின்றோம். இவள், "அக்கா, நான் பொய் சொல்லக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தாள்.

"பொய்யி சொல்லுன்னு நான் உன்ன கேட்டனா?" என்றாள் அக்கா. "கேட்ட கேள்விக்குப் பதிலு சொல்லிக்கினு குந்தியிருந்தா போதும்னேன். எம் பொண்ணு இன்னிக்கும் லைன்லதான் கீது."

பிறகு டம்ளரை எடுத்தாள். பச்சைக் குடத்தின் பக்கம் போகவில்லை. சிவப்புக் குடத்தில் மொண்டு அவள் முன்னால் நீட்டினாள்.

"குடி. ஒண்ணும் நிச்சயமா தெரியாதுன்னியே. குடி."

அந்த டம்ளரில் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். வாங்கினாள். நான் "ஏய்" என்று கையைப் பிடிப்பதற்குள் அண்ணாந்து, மடமடவென்று, முழுசையும் குடித்துவிட்டாள்.

அக்கா பதறிப்போனாள். அவள் குடிப்பாள் என்று நினைக்கவேயில்லை. டம்ளரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அய்யோ, பைத்தியமாடி நீ? கோவத்துல சொன்னா குடிச்சிர்றதா?" என்று பச்சைக் குடத்தைத் திறந்து மொண்டு, அவள் வாயில் வைத்தாள். "கொப்புளி. துப்பு. இன்னொரு தபா கொப்புளி." அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "எப்டி கீது?" என்றாள்.

"கசக்குதுக்கா. தொண்டையெல்லாம் எரியுது. இது மனுஷங்க குடிக்கற தண்ணியே இல்ல."

நான் அந்த வாலுக்காகக் காத்திருந்தேன். பழக்கதோஷம். வரவில்லை.

அக்கா பச்சைக் குடத்தை மறுபடி தட்டுப் போட்டு மூடினாள்.

"இத்த அங்க சொல்லியிருக்கலாமே, கண்ணு" என்றாள்.